கோல்ட் கோஸ்ட்: அந்த மணல் எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகளைப் பார்க்க பிரிஸ்பேன் போகிறவர்களை முதல் சனி, ஞாயிறிலேயே காரில் ஏற்றி கோல்ட் கோஸ்ட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். தெற்கே ஒரு மணி நேர ஓட்டம்தான். 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல், அதை ஒட்டியே வரிசையாக அடுக்குமாடிகள், திரும்பிப் பார்த்தால் மழைக்காடு மூடிய பச்சை மலை. நம் குடியிருப்பில் போய்வந்தவர்களும் இருக்கிறீர்கள், டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். கிளம்புமுன் அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அடுக்குமாடியில் வாழும் நமக்கு அதில் சொந்த சங்கதி இருக்கிறது.

யுகம்பே மொழி பேசும் பூர்வகுடிகளின் நிலம் அது. 19ஆம் நூற்றாண்டில் மரம் வெட்ட வெள்ளையர் வந்தார்கள். பிறகு கரும்பு, பால்பண்ணை. இன்று சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்று பேர்போன இடத்துக்கு அப்போது எல்ஸ்டன் என்று பெயர். ஜிம் கேவில் என்பவர் 1925இல் அங்கே ஒரு ஓட்டல் கட்டி சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்று பெயர் வைத்தார். எட்டு வருடத்தில், 1933இல், ஊரே அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டது. ஓட்டலின் பெயர் ஊருக்கு வந்த கதை எத்தனை இடத்தில் உண்டு? 'கோல்ட் கோஸ்ட்'டும் அப்படித்தான். தங்கம் கிடைத்த கடற்கரை அல்ல அது. மனை விலை ஏறிய வேகத்தைப் பார்த்து பிரிஸ்பேன் பத்திரிகைக்காரர்கள் கிண்டலாகச் சொன்ன பெயரையே 1958இல் உள்ளூர் மன்றம் தன் பெயராக வைத்துக்கொண்டது.

அடுத்து அடுக்குமாடி வந்தது. 1960இல் முடிந்த கின்கபூல் என்ற பத்து மாடிக் கட்டடம்தான் அங்கே முதல் உயரக் கட்டடம். இன்றும் நிற்கிறது, பாரம்பரியச் சின்னமாக. 1965இல் குயின்ஸ்லாந்து மாநிலம் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனிப் பத்திரம் தர வழிசெய்தது. வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் சிக்கல் தீர்ந்தது. மாடிகள் மளமளவென்று எழுந்தன. 2005இல் கட்டிய கியூ1 கட்டடத்தின் உயரம் 322 மீட்டர்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மனைகள் பல இடங்களில் கடலோர மணல்மேட்டின் மேலேயே போடப்பட்டவை. மணல்மேடு என்பது கடலின் சேமிப்புக் கணக்கு மாதிரி. புயல் வந்தால் அலை அதிலிருந்து மணலை எடுத்துக்கொள்ளும்; கடல் அமைதியான மாதங்களில் திருப்பிப் போடும். அதன் மேல் வீட்டைக் கட்டிவிட்டால் எடுக்கவும் வழியில்லை, போடவும் வழியில்லை.

இன்னொன்று, அந்த மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அலைகள் சாய்வாக அடிப்பதால் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தெற்கு எல்லையில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரம். அது பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. படகுகள் தரைதட்டாமல் போய்வர, 1962 முதல் 1964 வரை அங்கே இருந்த கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே சேர்ந்தது. வடக்கே கோல்ட் கோஸ்ட்டின் கிர்ரா கடற்கரை இளைத்தது. மெரினா அகன்றதும், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியதும் இதே கணக்கில்தான் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

1967இல் அடுத்தடுத்து வந்த புயல்கள் மிச்சத்தையும் வாரிக்கொண்டு போயின. கடற்கரைக்காகவே வந்த ஊரில் கடற்கரை இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வகத்தை அழைத்து ஆராயச் சொன்னார்கள். கரையில் பாறைச் சுவர் எழுப்பி அதை மணலால் மூடுவது, மணலை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவது என்று அப்போது தொடங்கிய வேலை இன்றுவரை நிற்கவில்லை. கிர்ராவில் தூண்டில் வளைவு கட்டினார்கள். 2001 முதல், ட்வீட் முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு பாலத்தின் அடியில் பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடக்கே தள்ளுகின்றன. இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து செலவு செய்கின்றன.

அதிலும் வம்பு வந்தது. முதல் சில ஆண்டுகளில் மணல் அளவுக்கு மிஞ்சிப் போய், அலைச்சறுக்குக்காரர்கள் கொண்டாடிய கிர்ராவின் அலையே காணாமல் போனது. பக்கத்து ஸ்னாப்பர் ராக்ஸிலோ புதிதாக நீளமான அலை உருவானது. ஒருவர் கேட்டது மணல், இன்னொருவர் கேட்டது அலை. நம் பொதுக்குழுக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசிய நாள் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. 2017இல் 30 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து அள்ளிக் கொட்டினார்கள். 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்து பல இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் மணலைச் செதுக்கிக்கொண்டு போனது. மறுபடி கொட்டும் வேலை.

இனி மலைக்கு வாருங்கள். அங்கே கதை வேறு மாதிரி நடந்தது. ராபர்ட் காலின்ஸ் என்ற பண்ணைக்காரர் அமெரிக்கா போனபோது தேசியப் பூங்கா என்ற எண்ணத்தைத் தெரிந்துகொண்டு வந்து, இந்த மழைக்காட்டையும் அப்படிக் காக்க வேண்டும் என்று பல வருடம் வாதாடினார். 1913இல் காலமானார், காரியம் முடியவில்லை. அதைக் கையில் எடுத்தவர் ரோமியோ லேஹி. இவர் யார் தெரியுமா? மரம் அறுக்கும் ஆலைக்காரரின் மகன். அந்தக் காடு வெட்டப்பட்டால் லாபம் பார்க்கும் குடும்பம். அவரே வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கினார், கூட்டங்களில் பேசினார். 1915இல் லாமிங்டன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 19,000 ஹெக்டேர். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த மனிதர் இவர்தான்.

அதற்குச் சற்று முன்பே மாடு வளர்க்க மலையேறிய ஓரைலி குடும்பத்தின் நிலத்தைச் சுற்றிப் பூங்கா வந்துவிட்டது. வழி குறுகியதே என்று அழாமல் 1926இல் விருந்தினர் விடுதி திறந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பெர்னார்ட் ஓரைலிதான் 1937இல், எல்லோரும் கைவிட்ட ஒரு விமானத்தைத் தனியாளாகக் காட்டுக்குள் தேடிப் போய், விழுந்து பத்து நாள் ஆகப்போகும் நேரத்தில், உயிரோடிருந்த இருவரைக் கண்டுபிடித்தார்.

வேலி போட்டதோடு காடு பத்திரமாகிவிடவில்லை. 2019 செப்டம்பரில் பூங்காவின் இன்னொரு பக்கத்தில் பின்னா பர்ரா விடுதி காட்டுத்தீயில் எரிந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. ஸ்னாப்பர் ராக்ஸ் பக்கம் நின்று, பம்ப் ஓடும் நேரமாக இருந்தால், குழாய் மணலைக் கடலில் கக்குவதைப் பாருங்கள். மறுநாள் ஸ்பிரிங்புரூக் மலைக்குப் போங்கள். ஜூலையில் போனால் ஸ்வெட்டர் அவசியம். உச்சியில் இருக்கும் காட்சி முனைக்குப் போகும் பாதையில், பாசி போர்த்திய அண்டார்க்டிக் பீச் மரங்கள் நிற்கும். தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த காலத்து மர வம்சம் அது. அந்தப் பழைய பெருங்கண்டத்துக்கும், உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இந்தக் காடுகளுக்கும் கோண்ட்வானா என்றே பெயர். மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர் அது. பேரப்பிள்ளைகள் வழிகாட்டிப் பலகையைப் படித்துவிட்டு விளக்கம் சொல்ல வந்தால், இதை நீங்கள் சொல்லலாம்.