சன்னல் துடைக்கும் கழியின் வரலாறு

மாடிக் கட்டிடங்களின் சன்னல்களைத் துடைப்பது நெடுங்காலமாக ஆபத்தான தொழிலாகவே இருந்து வந்துள்ளது. ஒரு கை ஏணியில், மறு கை கண்ணாடியில். கால் சறுக்கினால் உயிர் போகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர்கள் 'சிகாகோ' என்ற கனமான இரும்புத் துடைப்பானைப் பயன்படுத்தினர். அதன் ரப்பர் தேய்ந்தால் 12 திருகுகளைக் கழற்றித்தான் மாற்ற முடியும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகருக்குக் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோன் என்ற தொழிலாளி, 1936இல் பித்தளையில் இலேசான துடைப்பான் ஒன்றை உருவாக்கினார். அதில் ஒரே ஒரு ரப்பர் பட்டைதான். தேய்ந்தால் எளிதில் மாற்றிவிடலாம்.

அடுத்த பெரிய மாற்றம் பிரிட்டனில் நிகழ்ந்தது. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்ட விதிகள், தவிர்க்கக்கூடிய இடங்களில் உயரத்தில் ஏறி வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றன. அதன்பின் தரையில் நின்றபடியே துடைக்க உதவும் நீள்கழி அங்கே வேகமாகப் பரவியது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களை இழுத்து நீட்டி, நுனித் தூரிகை வழியே உப்பு நீக்கிய தூய நீரைப் பாய்ச்சுவார்கள். அந்த நீர் கறை விடாமல் காய்ந்துவிடும். கழி அலுமினியத்திலிருந்து கண்ணாடி இழைக்கும், பின் கார்பன் இழைக்கும் மாறி எடை குறைந்தது.

ஆனால் தேய்மானம் மட்டும் விடவில்லை. சுவரிலிருந்து வழியும் அழுக்கு நீர் மணல் துகள்களைக் குழாய்களின் இடுக்கில் சேர்க்கிறது. நீட்டிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் அவை உப்புத்தாள் போல உராய்கின்றன. நாளடைவில் பிசின் பூச்சு தேய்ந்து இழைகள் வெளியே தெரியும். கையில் சிராய் ஏறும். இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வழுக்கினால் மேல் குழாய் சரேலென்று இறங்கி விரலை நசுக்கும். இங்கே தேய்வது மலிவான ரப்பர் அல்ல, விலை உயர்ந்த குழாய்.

இதைத் தடுக்கும் வழி எளியது. வேலை முடிந்ததும் குழாய்களைத் தனித்தனியே உருவி, தூய நீரில் கழுவி, துடைத்துக் காய வைக்க வேண்டும். எண்ணெயோ கிரீசோ தடவக் கூடாது. அவற்றில் மணல் ஒட்டிக்கொள்ளும். பூட்டை அளவாக இறுக்க வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. வெயில் பிசினைக் கெடுக்கும்.

மனிதனை ஏணியிலிருந்து இறக்கியது இந்தக் கழி. அதற்கு அவன் செய்ய வேண்டிய கைம்மாறு ஒரு வாளித் தண்ணீரும் சில நிமிடங்களும்தான்.