குழலுக்குள் உப்பு

செமி-ஆட்டோமேட்டிக் வேட்டைத் துப்பாக்கியை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்யணும்? அனுபவமுள்ள இரண்டு வேட்டைக்காரர்களிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒருவர், "காட்டிலிருந்து வந்த அன்றே, குளிக்கிறதுக்கு முன்னாடி" என்பார். இன்னொருவர், "சீசன் முடிஞ்சதும் ஒருதடவை போதும், அதுக்கு மேல தொட்டா கெடுத்துருவீங்க" என்பார். இருவரும் சொல்வது சரிதான். ஆனால் வேறு வேறு வருஷங்களில் சரி.

ஒரு இயந்திரத்தின் பராமரிப்பு விதிகளுக்குள் அதன் வரலாறு படிந்து கிடக்கிறது. காரணம் மறைந்துபோன பிறகும் விதி மட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கும். இந்தத் துப்பாக்கியின் கதையில் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க முடிகிறது.

கதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்ற ஊரில் தொடங்குகிறது. ஜான் மோசஸ் பிரவுனிங் அங்கே 1855இல் பிறந்தவர். 1898இல் ஒரு ஷாட்கன்னை வடிவமைத்தார். விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். காலி உறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். 1900இல் காப்புரிமை கிடைத்தது. அதுவரை தன் வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு மொத்தத் தொகைக்கு விற்றுவந்தவர், இந்தமுறை விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டனுக்குப் போனார். 1902 ஜனவரியில் அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்கக் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்ட செய்திதான் வந்தது. பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் போனார். ஹெர்ஸ்டால் ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை அதைச் செய்ய முன்வந்தது. ஆட்டோ-5 பிறந்தது. 1905 முதல் ரெமிங்டனும் உரிமம் பெற்று, 'மாடல் 11' என்ற பெயரில் அதையே செய்தது.

ஆட்டோ-5 இயங்கும் விதம் விசித்திரமானது. வெடித்ததும் குழலும் போல்ட்டும் ஒன்றையொன்று பிடித்தபடி பின்னால் ஓடும். கடைசி வரை போனபின் போல்ட் அங்கேயே நிற்கும், குழல் மட்டும் முன்னால் திரும்பும். அந்த இடைவெளியில் காலி உறை தெறித்து விழும். பிறகு புதுத் தோட்டாவோடு போல்ட் முன்னேறும். இத்தனை எடையுள்ள இரும்பு பின்னால் ஓடிவரும்போது யாராவது பிரேக் பிடிக்க வேண்டுமே? தோட்டாக்கள் இருக்கும் நீளக்குழாயின் மேல் ஒரு வெண்கலப் பட்டையும் ஓர் எஃகு வளையமும் உண்டு. அவற்றின் உராய்வுதான் பிரேக். கனத்த தோட்டா என்றால் வளையத்தை ஸ்பிரிங்குக்கு முன்னால் மாட்டணும், லேசான தோட்டா என்றால் பின்னால்.

இங்கேதான் "அதிகமாகத் தொட்டால் கெட்டுப்போகும்" என்ற பதிலின் வேர் இருக்கிறது. பாசத்தோடு அந்தக் குழாய்க்கு எண்ணெயை ஊற்றித் தேய்த்தால் உராய்வு போய்விடும். ஒவ்வொரு வெடிக்கும் குழல் பின்னால் வந்து மோதும், தோள்பட்டை வலிக்கும், முன்பக்கத்து மரக் கைப்பிடி விரிசல் விடும். அப்படியே காயவிட்டுத் துருப்பிடிக்க விட்டாலோ, உராய்வு கூடி, குழல் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைப்பது, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். இந்தக் குழாயின் விஷயத்தில் அசட்டை செய்கிறவரைப் போலவே பக்தியோடு எண்ணெய் ஊற்றுகிறவரும் துப்பாக்கியைக் கெடுப்பார்.

வின்செஸ்டர் சும்மா இருக்கவில்லை. பிரவுனிங்கின் காப்புரிமைகளைத் தொடாமல் தானியங்கி ஷாட்கன் செய்தாக வேண்டும். போல்ட்டைப் பின்னால் இழுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடிகூட அந்தக் காப்புரிமைக்குள் வந்துவிட்டது. ஆகவே 1911இல் வந்த அவர்களுடைய மாடலில் கைப்பிடியே கிடையாது. குழலின் மேல் சொரசொரப்பாக்கிய ஓர் இடத்தைப் பிடித்து, குழலையே பின்னால் தள்ள வேண்டும். அன்றைய தோட்டா உறைகள் காகிதத்தால் ஆனவை. ஈரம் பட்டால் உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கையால் தள்ளி நகராதபோது ஆட்கள் என்ன செய்தார்கள்? கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு கீழே அழுத்தினார்கள். குழலின் வாய் முகத்துக்கு நேரே. உள்ளே வெடிக்காத தோட்டா. அந்தத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரை நம்மூர் பாஷையில் சொன்னால், தாலியறுத்தான். 1925இல் உற்பத்தி நின்றது. ஒரு ராயல்டி தகராறு, ஈரத்தில் உப்பிய ஒரு காகித உறை. இரண்டும் ஒரு மனிதனின் முகத்துக்கு முன்னால் சந்தித்துக்கொண்டன.

"அன்றே துடை" என்ற முதல் பதிலுக்கு வருவோம். அதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

பழைய கரிமருந்து வெடித்தால் குழல் முழுக்கக் கறுத்த சேறு படியும். வெந்நீர் ஊற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாரும் கழுவினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா வெடிமருந்து வந்தது. சுட்டபிறகு குழலுக்குள் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. இனி எதற்குத் தண்ணீர்? எண்ணெய் தடவி வைத்தார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே துரு. மறுபடி துடைத்தார்கள், மறுபடி துரு. புது மருந்தின் அமிலம்தான் காரணம் என்று நம்பி விதவிதமான கரைப்பான்களை வாங்கினார்கள். தொடர்ந்து மூன்று நாள் துடைக்கணும் என்ற விதி அந்தக் காலத்தில் உருவானதுதான்.

விடை 1922இல் வந்தது. அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப், குற்றவாளி வெடிமருந்தே இல்லை என்று காட்டினார். தோட்டாவின் அடியில், அடிபட்டதும் பொறியைக் கிளப்பும் சிறு பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சுகிறது. சமையல் உப்பின் தம்பி. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். அதே வேலையை அந்த உப்பு குழலுக்குள் செய்தது: காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பின் மேல் வைத்துக்கொண்டது. எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே உட்கார்ந்து அரித்தது. அதைக் கரைக்கக்கூடிய ஒரே எளிய பொருள் தண்ணீர். கரிமருந்துக் காலத்துத் தாத்தாக்கள் சேற்றைக் கழுவுகிறோம் என்று நினைத்து, இருப்பதே தெரியாத உப்பையும் சேர்த்துக் கழுவியிருக்கிறார்கள். பேரன்கள் முன்னேறி, தண்ணீரை விட்டார்கள், குழலைப் பறிகொடுத்தார்கள்.

மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இந்த இடம் என்னைக் குத்துகிறது. பழைய நிரலில் ஏன் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு வரியை, தேவையில்லை என்று நீக்கிவிட்டு, மூன்றாம் நாள் இரவு விழித்திருந்தவர்களுக்கு அது புரியும்.

1920களின் பின்பாதியில் ரெமிங்டன் 'கிளீன்போர்' என்ற, அரிக்காத பிரைமரைக் கொண்டுவந்தது. பெயரிலேயே வாக்குறுதி: குழல் சுத்தமாகவே இருக்கும். மெல்ல மற்றவர்களும் மாறினார்கள். உப்பு போனது. 1960இல் பிளாஸ்டிக் உறை வந்து, காகிதம் உப்புவதும் போனது. ஆனால் 1963இல் வந்த ரெமிங்டன் 1100 வேறொரு அழுக்கைக் கூட்டிவந்தது. அதில் குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிவாயுவின் ஒரு பங்கு வெளியேறி, ஒரு பிஸ்டனைத் தள்ளி, மீதி வேலையை நடத்துகிறது. தோளில் உதை குறைவு. ஆனால் வாயுவோடு கரியும் வந்து துளையிலும் பிஸ்டனிலும் படியும். அதில் ஒரு துப்பாக்கி, துடைக்காமலே 24,000 முறை சுட்டதாக 1978இல் ஒரு சாதனை சொல்லப்படுகிறது. சாதனைத் துப்பாக்கி நம் பரணில் இருப்பது இல்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் வேறு வழியில் போனது. புரூனோ சிவோலானி வடிவமைத்த முறையில் வாயு உள்ளே வருவதே இல்லை. பின்னுதைப்பும் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் போதும். கரி குறைவு, துடைக்கும் வேலையும் குறைவு.

"துடைக்கவே தேவையில்லை" என்ற வார்த்தையின் விலை என்ன என்பது வேட்டைக்காட்டில் தெரியவில்லை, வியட்நாமில் தெரிந்தது. எம்-16 ரைஃபிள் அதிகம் சுத்தம் கேட்காது என்ற பேச்சோடு களத்துக்குப் போனது. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டிருந்தது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கும் கருவிகள் பலருக்குத் தரப்படவில்லை. அந்த ஈரத்தில் உறைகள் உள்ளேயே சிக்கின. சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்ய முயன்றபடியே இறந்த நண்பர்களைப் பற்றி வீரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அடுத்த வருஷம் ராணுவம் வில் ஐஸ்னரை வைத்து, எப்படித் துடைப்பது என்று படக்கதைப் புத்தகமே போட்டது.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை? முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும், இரண்டு தடவை. மழையிலோ சதுப்பிலோ கடற்கரையிலோ போய்வந்திருந்தால், ஒரு தோட்டாகூடச் சுடவில்லை என்றாலும் அன்றிரவே ஈரம் துடைக்கணும். வாயுவால் இயங்குவது என்றால் சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை பிஸ்டனும் துளைகளும். பெனெல்லி வகைக்கு இன்னும் தாராளமான இடைவெளி. பழைய ஆட்டோ-5க்கு எண்ணெய் தொட்ட துணி மட்டும். எதுவானாலும் சீசன் முடிந்து பெட்டிக்குள் போகுமுன் ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பார்ப்பது. எந்த அழுக்கைத் துடைக்கிறோம் என்று தெரிந்தால் எத்தனை முறை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பிரவுனிங் 1926 நவம்பர் 26 அன்று, ஹெர்ஸ்டாலில், அதே தொழிற்சாலையில் இதயம் நின்று இறந்தார். அப்போதும் அவர் ஒரு துப்பாக்கி வடிவமைப்பில்தான் இருந்தார். அவருடைய ஆட்டோ-5 அதற்குப் பிறகும் எழுபது வருஷத்துக்கு மேல் தயாரானது. அவற்றில் பலவற்றின் குழல் இன்றும் கண்ணாடிபோல் இருக்கிறது. அந்தக் குழல்களின் முதல் உரிமையாளர்களில் யாரோ சிலர், ஏன் என்று தெரியாமலேயே, வெந்நீர் ஊற்றுவதை விடாமல் இருந்திருக்க வேண்டும்.