செம்புக் கொப்பரை

1917ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் ஆகெல் துறவு மடத்திலிருந்த பியர் ஆலையை ஜெர்மானியப் படையினர் கழற்றி எடுத்துச் சென்றனர். அவர்கள் நாடியது மதுவையன்று. கொப்பரைகளிலிருந்த ஏறத்தாழ 700 கிலோ செம்பையே. போருக்குச் செம்பு தேவைப்பட்டது. அம்மடத்தில் மீண்டும் பியர் காய்ச்ச 1998ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. வெஸ்ட்ஃப்ளேட்டெரன் ஊரின் புனித சிக்ஸ்துஸ் மடமோ, அப்போரில் ஜெர்மானியர் கைப்பற்றாத பகுதியில் இருந்தமையால் தன் கொப்பரைகளைக் காத்துக்கொண்டது.

துறவியருக்கும் பியருக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். (மதுவை நாம் பரிந்துரைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.) இத்துறவியர் பின்பற்றிய ஒழுங்கு நூல் 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்தது. தம் கைகளின் உழைப்பால் வாழுமாறு அது துறவியரைப் பணிக்கிறது. மடத்தின் தட்டுமுட்டுப் பொருள்களையும் பீடத்தின் திருக்கலங்களைப் போலவே பேணவேண்டுமென்று பண்டகக் காப்பாளருக்குக் கட்டளையிடுகிறது. கொப்பரையின் இழப்பை அம்மரபின் ஒளியிலேதான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

செம்பு போனால் இரும்பு இல்லையா? இரும்பு கரைந்தால் பியரில் மையின் சுவையும் இரத்தத்தின் சுவையும் ஏறிவிடும். செம்போ வெப்பத்தைச் சீராகப் பரப்பும். ஆகவே முளைகட்டிய வாற்கோதுமைச் சாறு எளிதில் அடிபிடிப்பதில்லை. அதனினும் நுட்பமான பணி ஒன்றுண்டு. சாறு நொதிக்கும்போது கந்தகம் கலந்த ஆவி எழுந்து அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். கொப்பரையிலிருந்து கரைந்த சிறிதளவு செம்பு அக்கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அடியிலே படிந்துவிடும். செம்பு சுவையைச் சேர்த்தது என்பதைவிடத் தீய வாடையை நீக்கியது என்பதே பொருந்தும். ஆயினும் நொதித்து முடிந்தபின் அதே செம்பு பகையாகிறது. பியர் உயிர்வளியோடு சேர்வதை விரைவுபடுத்தி, நாள்பட்ட காகித அட்டையின் வாடையை அதில் ஏற்றிவிடுகிறது.

1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருவாக்கினார். நாம் எவர்சில்வர் என்றழைப்பது இதுவே. அதிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது. கழுவ எளிது, கடுங்காரத்தையும் தாங்கும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைகள் பெரும்பாலும் அதற்கு மாறியதில் வியப்பில்லை. ஆனால் சுவைக்கு எதையும் கொடாத அவ்வுலோகம் கந்தக வாடையை எடுப்பதுமில்லை. அதனால் எஃகுக் கலத்திற்குள் செம்புத் துண்டொன்றை இட்டுக் காய்ச்சுவோர் இன்றும் உளர். வேறு சில ஆலைகளிலோ எஃகுக் கலத்தின் வெளிப்புறத்தே செம்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். காண வருவோருக்கு அது அழகுதான். பியருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.