நீர்க்குழாயும் கண்ணாடியிழையும்

எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் இரும்பு நீரூற்றைக் கண்டோர் பலர். அது எழுந்த காரணத்தை அறிந்தோர் சிலரே. 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்னும் வணிகர், நகர மக்களுக்கு நன்னீர் கிடைக்க வேண்டுமென விரும்பி 13,000 வெள்ளி நன்கொடை வழங்கினார். பணம் வந்தது, நீர் வரவில்லை. தாம்சன் சாலைப் பக்கத்து நீர்த்தேக்கம் உருவாக 1860களின் பிற்பகுதி ஆயிற்று. வீதிக் குழாய்களில் நீர் ஓடுவதற்கு மேலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. கொடையாளரோ 1864லேயே மறைந்துவிட்டார். அதுவரை கிணறும் மாட்டுவண்டியில் வந்த நீருமே மக்களுக்குக் கதி. 'கிரேத்தா ஆயர்' என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பதே பொருள். 1882இல் நகராண்மையினர் நீரூற்று அமைத்து அவருக்கு நன்றி செலுத்தினர். நன்றி தாமதமானது பெரிதன்று. நீர் தாமதமானதே பெரிது.

ஊருக்குப் பொதுவான வசதிக்குப் பணம் தருபவர் யார் என்னும் வினா அத்துடன் ஓயவில்லை. 1879இல் தொலைபேசி வந்தபோது அதைத் தனியாரே நடத்தினர். 1955இல்தான் அது பொது வாரியத்தின் கைக்கு மாறியது. அரை நூற்றாண்டு கழித்து, அகண்ட அலைவரிசைக்காகத் தீவெங்கும் கண்ணாடியிழை வடம் பதிக்க முற்பட்டபோது அதே வினா மீண்டும் எழுந்தது.

இலாபம் பெறப்போகும் நிறுவனங்களே செலவையும் ஏற்கட்டும் என்பது ஒரு வாதம். அவற்றிடமே விட்டுவிட்டால் வாடிக்கையாளர் செறிந்த இடங்களுக்கே வடம் செல்லும். பதித்த நிறுவனமே பிறரிடம் விலையும் வைக்கும் என்பது மறுவாதம். அரசு இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. 2008இல் வடம் பதிக்கும் பொறுப்பு ஓபன்நெட் கூட்டமைப்புக்கு அளிக்கப்பட்டது. அதற்கு 75 கோடி வெள்ளி வரை மானியம். அடுத்த ஆண்டு, வடத்தின் மீது சேவையை இயக்கும் நியூக்ளியஸ் கனெக்ட் நிறுவனத்துக்கு 25 கோடி வரை.

தொகையினும் நிபந்தனைகளே ஈண்டு நோக்கத்தக்கவை. வடத்தின் உரிமையாளர் எல்லாச் சேவையாளர்க்கும் ஒரே விலையில் இணைப்புத் தர வேண்டும். வீட்டு இணைப்பு மாதம் 15 வெள்ளி, வணிக இணைப்பு 50 வெள்ளி எனத் தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. 2013 முதல், கேட்பவர் எவருக்கும் இல்லை எனக் கூறலாகாது. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீட்டில் கீழே மளிகைக்கடை, மேலே குடித்தனம் என்றால் ஒரே சுவருக்குள் இரண்டு விலை! மேல்மாடியின் மலிவுக்குக் கீழ்க்கடை துணைநின்றது எனலாம். கடைக்காரர் இதனை எவ்வளவு மகிழ்வுடன் ஏற்றிருப்பார் என்பது வேறு செய்தி.

திட்டம் குறையின்றி நடக்கவில்லை. இணைப்புத் தருவதில் தவறியபோது ஒழுங்குமுறை ஆணையம் ஓபன்நெட்டுக்குத் தண்டம் விதித்தது. டான் கிம் செங் காலத்தில் அத்தகைய தண்டத்தை விதிப்பார் எவருமிலர்.

நிலப்பரப்பு குறுகிய இடத்தில் இது எளிது என்பார் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. சிற்றூர்கள் நிறைந்த இந்தியா வேறு வழியை நாடியது. அங்கே 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு ஊர்ப்புறச் சேவைக்கான நிதிக்கென ஒதுக்கப்பட்டது. முடிவில் அது சந்தாதாரர் கட்டணத்திலிருந்து வருவதே. நகரத்தார் பேசிய பேச்சு சிற்றூருக்கு வடமாக வேண்டும் என்பது கருத்து. ஆயினும் நிதியில் பெருந்தொகை பல்லாண்டுகள் செலவிடப்படாமல் கிடந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை இணைக்க 2011இல் ஒப்புதல் பெற்ற வடத் திட்டம், குறித்த காலத்தைத் தவறவிட்டு, பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் மாறித் தொடர்ந்தது.

சிங்கப்பூரின் வடங்களும் கைமாறின. 2013இல் ஓபன்நெட்டை நெட்லிங்க் அறநிதியம் வாங்க ஒப்புதல் கிடைத்தது. 2017இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பொதுப்பணத்தின் துணையோடு பதித்த வடத்தில் இன்று பங்கு வாங்குவோர் ஈவுத்தொகை பெறுகின்றனர். கேட்பவர்க்கெல்லாம் இணைப்புத் தர வேண்டும் என்ற கடமை மட்டும் வடத்தோடு சேர்ந்தே கைமாறியது.