ஓஸ்போர்ன் விளக்குகள்

2016 ஜனவரி 6-ஆம் தேதி இரவோடு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவில் ஐம்பது லட்சம் விளக்குகள் நிரந்தரமாக அணைந்தன. கிறிஸ்துமஸ் காலந்தோறும் அவற்றைக் காணவென்றே குடும்பத்தோடு பயணப்பட்டவர்கள் பலர். அவர்களுடைய வருத்தத்தை வெறும் பொழுதுபோக்கின் இழப்பென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த விளக்குகள் பூங்காவில் பிறந்தவை அல்ல. அர்கான்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஓஸ்போர்ன் என்ற செல்வந்தர், சிறுமியான தம் மகள் கேட்டாளென்று 1986-இல் வீட்டைச் சுற்றி விளக்கேற்றத் தொடங்கினார். ஆண்டுக்காண்டு அது வளர்ந்தது. பக்கத்து மனைகளையும் வாங்கி அங்கும் தோரணம் கட்டினார். பார்க்க வந்த வண்டிகளால் சாலை அடைபட, 1993-இல் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. 1995-இல் விளக்குகள் டிஸ்னிக்குக் குடிபெயர்ந்தன. அண்டை வீட்டார் எந்தக் கூட்டத்தைத் தொல்லை என்றார்களோ, அதே கூட்டம் இங்கே வருவாயாயிற்று!

2006 முதல் விளக்குகள் இசைக்கேற்ப ஆடின. செயற்கைப் பனி தூவியது. ஓஸ்போர்ன் வீட்டுச் சாமான்களோடு தவறி வந்துவிட்ட, ஹாலோவீன் நாளுக்குரிய பூனை உருவம் ஒன்றும் இருந்தது. அதை ஆண்டுதோறும் வேறிடத்தில் ஒளித்துவைப்பார்கள்; ரசிகர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். 2011-இல் ஓஸ்போர்ன் மறைந்தார். 2015 செப்டம்பரில், இதுவே கடைசிப் பருவம் என்ற அறிவிப்பு வந்தது. 'ஸ்டார் வார்ஸ்', 'டாய் ஸ்டோரி' ஆகிய திரைப்படங்களின் பெயரில் அமையவிருந்த புதிய பகுதிகளுக்கு இடம் தேவைப்பட்டது.

அதே ஜனவரியில் நம் அவனியாபுரத்திலும் ஓர் ஏமாற்றம். 2014 மே 7 தீர்ப்பால் நின்றுபோன ஜல்லிக்கட்டுக்கு, 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு அனுமதி அளித்தது. 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தை முதல் நாளில் நடக்க வேண்டிய ஜல்லிக்கட்டு அவ்வாண்டும் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவது மிகை என்பீர்கள். நான் சுட்ட விரும்புவதும் வேற்றுமையைத்தான். அவனியாபுரத்தார் இது எங்கள் ஊர் வழக்கம் என்று உரிமை கோர முடிந்தது. 2017 ஜனவரியில் தமிழகமே தெருவுக்கு வந்தது, சட்டம் திருத்தப்பட்டது, பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்தில் காளைகள் மீண்டும் அவிழ்த்துவிடப்பட்டன. புளோரிடாவின் ரசிகர் கையிலிருந்ததோ ஒரு நுழைவுச்சீட்டு. விளக்கு எரிவதைத் தடுக்க லிட்டில் ராக் அண்டை வீட்டாருக்குச் சட்டம் வழி தந்தது. அணைக்கப்படுவதைத் தடுக்க இருபதாண்டு ரசிகருக்கு எந்த வழியும் இல்லை.

முதலில் ஜனவரி 3 என்று குறித்திருந்த முடிவை நிர்வாகம் 6 வரை நீட்டியது. அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தவை அந்த மூன்று இரவுகள்தாம்.