கதியின் எல்லையும் அதனைக் கடந்தோரும்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் விற்பனையையும் காட்சி நுட்பத்தையும் விரித்துரைப்பர். விளையாட்டுப் பாத்திரம் ஒன்று செக்கனுக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்ற வினா அவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், விதியொன்றை வகுத்தவரின் கருத்தும் அவ்விதி உண்மையில் இடங்கொடுப்பதும் வேறுபடக்கூடும் என்பது இவ்வினாவை ஆராய்ந்தவிடத்தே தெளிவாக வெளிப்பட்டது.

இவ்வரலாற்றுக்கு இருவகைச் சான்றுகள் உள. ஆட்டக்காரர் பதிந்துவைத்த ஆட்டங்கள் ஒருவகை. பின்னர் வெளியிடப்பட்ட மூலநிரல்கள் மற்றொருவகை. முன்னையது நிகழ்ந்ததைக் கூறும். பின்னையது அது நிகழ்ந்த காரணத்தைக் கூறும்.

1993 டிசெம்பரில் இட் சொப்ற்வெயர் நிறுவனம் வெளியிட்ட டூம் விளையாட்டில், ஓடும் பாத்திரத்துக்கு முன்னோக்கிய உந்தல் 50 ஆகவும் பக்கவாட்டு உந்தல் 40 ஆகவும் விதிக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒருங்கே செலுத்தினால் விளைவது யாது? பைதகரசின் தேற்றம் கற்ற மாணவன் எவனும் விடை கூறுவான்: 4100இன் வர்க்கமூலம், அஃதாவது ஏறத்தாழ 64. நேரே ஓடுபவனிலும் சாய்ந்து ஓடுபவன் நூற்றுக்கு 28 பங்கு விரைந்து செல்வான். விசைகளை வேறொரு வகையிற் சேர்த்தழுத்திப் பக்கவாட்டு உந்தலையும் 50 ஆக்கினால் மிகை நூற்றுக்கு 41 ஆகும். ஆனால் அந்நிலையிற் பாத்திரத்தைத் திருப்புதல் இயலாது. 1997 டிசெம்பரில் மூலநிரல் வெளிவருமுன்னரே ஆட்டக்காரர் இவ்வோட்டத்தைப் பழகியிருந்தனர். நிரல் அவர்களுக்குப் புதிதாகக் கற்பித்தது சிறிதே.

குவேக் விளையாட்டின் கணக்கு இதனினும் நுண்ணியது. 1996 யூனில் வெளியான அதனை இணையத்தில் ஆடியோர் தொலைபேசிவழித் தொடர்பின் தாமதத்தால் இடருற்றனர். அதனைக் களையும்பொருட்டு ஜோன் கார்மக் அவ்வாண்டு டிசெம்பரிற் குவேக்வேள்ட் என்னும் வடிவத்தை வெளியிட்டார். வழங்கியின் விடைக்குக் காத்திராது, ஆட்டக்காரனின் கணினியே அவனது அடுத்த நிலையை முற்கூட்டிக் கணிக்கும் முறை அதில் இடம்பெற்றது. ஈரிடத்தும் ஒரே விடை பெறப்படவேண்டுமாதலின், இரு கணினிகளும் ஒரே இயக்க விதிகளைக் கையாண்டன.

அவ்விதிகளின்படி கதியின் உச்சவெல்லை செக்கனுக்கு 320 அலகுகள். எனினும் நிரல் சோதித்தது பாத்திரத்தின் முழுக் கதியை அன்று; ஆட்டக்காரன் செல்ல விரும்பும் திசையில் வேகக்காவியின் கூறு எவ்வளவு என்பதையே சோதித்தது. துள்ளி அந்தரத்தில் நிற்கும்போது அக்கூறுக்குரிய எல்லை 30 மட்டுமே. ஆகவே 320 அலகுக் கதியுடன் பறப்பவன், தன் செலவுக்குச் செங்குத்தான திசையை விரும்பினால், அத்திசையில் அவன் வேகத்தின் கூறு பூச்சியமாகும். நிரலும் தயங்காது 30 அலகுகளைக் கூட்டிவிடும். புதிய கதி 321.4. அற்ப ஆதாயந்தான். ஆயினும் இக்கணிப்பு செக்கனுக்கு 72 தடவை நிகழுமாயின், ஒவ்வொரு தடவையும் விரும்பும் திசையைச் செங்குத்தாகவே பேணுபவன் 342 தடவைகளில், அதாவது ஐந்து செக்கனுக்குட் கதியை இருமடங்காக்குவான். நிலத்தைத் தொட்டவுடன் மீளத் துள்ளினால் உராய்வும் அவனைத் தடுக்காது. கதி பெருகப் பெருக ஆதாயம் குறைந்துசெல்லுமேயன்றி முற்றாக நின்றுவிடுவதில்லை.

இவ்வித்தையின் பயனைத் தனியாள் ஆட்டப் பதிவுகளிற் காணலாம். 1997இல் ஒரு குழுவினர் குவேக் முழுவதையும் மிகக் கடின நிலையில் 19 நிமிடம் 49 செக்கனில் முடித்தனர். 2000ஆம் ஆண்டில் அது 12 நிமிடம் 23 செக்கனாகச் சுருங்கியது. வேறு உபாயங்களும் இதற்கு உதவினவெனினும் துள்ளலோட்டத்தின் பங்கு பெரிது.

இது வஞ்சகமா, திறமையா என்ற வழக்கு நெடுநாள் நிலவிற்று. எல்லோர்க்கும் ஒரே விசைகள், ஒரே விதி. பயிற்சியால் மட்டும் எய்தப்படுவதைத் திறமை என்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன். நிரலாளரின் நிலையோ இரண்டக நிலை. 1999இல் வெளியான மூன்றாம் குவேக்கின் மூலநிரல் 2005இற் பொதுவுடைமையாயிற்று. அதில் ஆர்முடுகலைக் கணிக்கும் பகுதி இருவிதமாக எழுதப்பட்டுள்ளது. எல்லைமீறலைத் தவிர்க்கும் கணிப்பே முறையானது, ஆனால் அது கைக்கு இதமாயில்லை என்ற கருத்துப்படக் குறிப்பெழுதி, அதனைச் செயற்படாவண்ணம் நிறுத்திவைத்துள்ளனர்.

மேற்கூறிய நியாயம் பொருந்தாத இடமொன்றும் அவ்விளையாட்டில் உண்டு. வேகத்தின் பின்னங்களை முழுவெண்ணாக்கும் முறையால், துள்ளலின் உயரம் கணினி செக்கனுக்கு எத்தனை காட்சிகளை வரைகின்றது என்பதைப் பொறுத்து வேறுபட்டது. 125 காட்சிகளை வரையவல்ல பொறியை உடையவன், அஃதில்லாதவனிலும் உயரத் துள்ளினான். இங்கே வென்றது பயிற்சியன்று, பணம். எல்லோரது இயக்கத்தையும் 8 மில்லிசெக்கன் இடைவெளியிற் சமமாகக் கணிக்கும் தெரிவு வழங்கிகளுக்கு அளிக்கப்பட்டமை இக்குறையை நீக்குதற்கேயாகும்.