வால் ஸ்ட்ரீட்டும் குக்கர் விசிலும்

முதலீட்டு வங்கிக்கு வீட்டுலேர்ந்தே இன்டர்ன்ஷிப் பண்றது கொரோனா கொண்டுவந்த புதுச் சரக்குன்னு நம்ம பசங்க நினைக்கிறாங்க. பாதிதான் உண்மை. வால் ஸ்ட்ரீட் வேலை சென்னைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆச்சு.

1999-ல ஜோசப் சிகல்மேன், ரேண்டி ஆல்ட்ஷுலர்னு ரெண்டு அமெரிக்கர்கள் ஆபீஸ் டைகரை ஆரம்பிச்சாங்க. நியூயார்க் வங்கிக்காரர் ராத்திரி கிறுக்கி அனுப்புற பக்கங்களை, அங்க விடியறதுக்குள்ள நம்மாளுங்க பளபளன்னு ஆக்கித் திருப்பி அனுப்பணும். அங்க ராத்திரி, இங்க பகல், சூட்சுமம் அவ்வளவுதான். அப்புறம் கம்பெனிகளை அலசுற வேலையும் வந்துச்சு. 2006-ல ஆர்.ஆர். டானலி 25 கோடி டாலருக்கு அதை வாங்கிடுச்சு.

ஆனா அப்ப வேலைதான் ரிமோட். ஆளுங்க பக்கத்துப் பக்கத்துல. எக்செல்ல தப்பு பண்ணா சீனியர் எட்டிப் பார்த்துச் சொல்லிடுவார்.

2020-ல அதுவும் போச்சு. கோல்ட்மேன் சாக்ஸ் தன்னோட கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை அஞ்சு வாரமா சுருக்கி, முழுக்க ஆன்லைன் ஆக்குச்சு. இங்க ஜூன் 19-லேர்ந்து 30 வரைக்கும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் முழு ஊரடங்கு.

எங்க ஆவடித் தெரு தம்பி ஒருத்தன் அந்த வருஷம் வேறொரு வங்கிக்கு, கம்பெனி விலைமதிப்புக் கணக்கு போட்டான். குக்கர் விசில் அடிச்சா மைக்கை மியூட் பண்ணுவான் :-) வேலை நல்லாவே கத்துக்கிட்டான். ஆனா கணக்குல ஏன் 12 சதவீதம் போடறாங்கன்னு ஒரு சந்தேகம். இதுக்குப் போய் மீட்டிங் போடணுமான்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்லையாம். பக்கத்து சீட்டுல ஆள் இருந்தா அரை நிமிஷ வேலை.